தூசுக்குப் பின்னால் பாதி வானம்

பெங்களூரு தொம்மலூரிலிருந்து பழைய விமான நிலையச் சாலையில் கிழக்கே போனால் சில கிலோமீட்டரில் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம். தெற்கே உள்வட்டச் சாலையைப் பிடித்தால் கோரமங்கலாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏறிய அஸ்ட்ரோசாட், வானியலுக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் பெரிய செயற்கைக்கோள். அது உருவானது முதலில் சொன்ன மையத்தில். அதில் பொருத்திய புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியது இரண்டாவதாகச் சொன்ன நிறுவனம்.

அந்தத் தொலைநோக்கி நன்றாகவே உழைத்தது. 2020-ல் புனேயைச் சேர்ந்த வானியலாளர் கனக் சாஹாவின் குழு, அஸ்ட்ரோசாட் தரவுகளைக் கொண்டு சுமார் 930 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஒரு விண்மீன் திரளிலிருந்து வந்த தீவிரப் புற ஊதா ஒளியைக் கண்டது. அவ்வளவு தொலைவிலிருந்து அந்த வகை ஒளி வந்து சேர்ந்ததே பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. காரணம், புதிதாகப் பிறக்கும் விண்மீன்கள் வெளியிடும் புற ஊதா ஒளியில் பெரும்பகுதி அவை பிறந்த திரளை விட்டு வெளியே வருவதே இல்லை. வழியில் இருக்கும் வாயுவும் தூசும் அதை விழுங்கிவிடுகின்றன. விழுங்கிய தூசு சூடாகி, அந்த ஆற்றலை வேறு வடிவில் வெளியே விடுகிறது. அதுதான் அகச்சிவப்பு.

ஆக, ஒரு விண்மீன் திரளின் கணக்கில் இரண்டு பத்திகள் உண்டு. தப்பி வந்த ஒளி ஒன்று, தூசில் சிக்கி வெப்பமாக மாறியது மற்றொன்று. முதல் பத்தியைப் படிக்க இந்தியா ஒரு கருவியை விண்ணில் நிறுத்திவிட்டது. இரண்டாவதைப் படிக்க, அதாவது நம் பால்வெளிக்கு அப்பால் உள்ள திரள்களை அகச்சிவப்பில் பார்க்க, இன்னும் ஒரு செயற்கைக்கோளை அனுப்பவில்லை. அந்த இரண்டாவது பத்தியில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்ப்போம்.

சிவப்புக்கு அப்பால்

1800-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். நீலத்திலிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போக வெப்பம் கூடியது. சிவப்பும் முடிந்து, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானி இன்னும் மேலே ஏறியது. யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர் அவர். அன்று அந்த இருட்டான இடத்தில் கண்டது அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு என்றே சொல்ல வேண்டும்.

நம் கண் 0.4 மைக்ரானிலிருந்து 0.7 மைக்ரான் வரையுள்ள அலைநீளங்களை மட்டும் பார்க்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அகச்சிவப்பு 0.7-ல் தொடங்கிச் சில நூறு மைக்ரான் வரை நீள்கிறது. எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ற அலைநீளத்தில் ஒளிரும். சுமார் 5,800 கெல்வின் வெப்பமுள்ள சூரியன் 0.5 மைக்ரானில் உச்சமாக ஒளிர்கிறது. 310 கெல்வின் உள்ள மனித உடல் 9 மைக்ரானை ஒட்டி ஒளிர்கிறது. விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் தூசின் வெப்பநிலை சுமார் 30 கெல்வின், அதாவது உறைநிலைக்கும் கீழே 243 டிகிரி. அதுவும் ஒளிர்கிறது, 100 மைக்ரானை ஒட்டி. பிரபஞ்சத்தில் முழு இருட்டான பொருள் என்று ஒன்றைக் காட்டுவது கடினம். எந்த அலைநீளத்தில் பார்க்க வேண்டும் என்பதே கேள்வி.

தூசின் கதை

தூசு என்றால் வீட்டு அலமாரியில் படிவது போன்ற தூசு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மைக்ரானிலும் சிறிய, புகைத்துகள் அளவிலான சிலிக்கேட், கார்பன் மணிகள் இவை. முதிர்ந்த விண்மீன்கள் தம் மேலுறையை ஊதித் தள்ளும்போதும், பெரிய விண்மீன்கள் வெடிக்கும்போதும் இவை உருவாகின்றன. ஒரு திரளின் மொத்த நிறையில் இவற்றின் பங்கு மிகக் குறைவு. ஆனால் விண்மீன்கள் பிறப்பது அடர்ந்த, குளிர்ந்த வாயு மேகங்களில். தூசும் அங்கேதான் அதிகம். எங்கே புதிய விண்மீன்கள் பிறக்கின்றனவோ, அங்கேதான் நம் பார்வை மறிக்கப்படுகிறது.

இது எவ்வளவு பெரிய மறைப்பு என்பதை 1983-ல் ஐராஸ் சொன்னது. அமெரிக்காவும் நெதர்லாந்தும் பிரிட்டனும் சேர்ந்து அந்த ஆண்டு ஜனவரி 25 அன்று அனுப்பிய முதல் அகச்சிவப்பு முழுவானத் தொலைநோக்கி அது. பத்து மாதம் மட்டுமே இயங்கியது. அதற்குள் வானத்தின் 96 சதவீதத்தை 12, 25, 60, 100 மைக்ரான் அலைநீளங்களில் அளந்து சுமார் 3.5 லட்சம் பொருள்களைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் சாதாரண ஒளியில் மங்கலாகத் தெரிந்த பல திரள்கள் அகச்சிவப்பில் கொழுந்துவிட்டு எரிந்தன.

அவற்றில் பேர்பெற்றது ஆர்ப் 220. சுமார் 25 கோடி ஒளியாண்டு தொலைவில், இரண்டு திரள்கள் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கும் இடம் அது. சாதாரணப் புகைப்படத்தில் குறுக்கே இருண்ட பட்டை ஓடும் ஒரு கலங்கலான தீற்றல், அவ்வளவே. அதன் உண்மையான ஒளி ஆற்றலோ ஒரு லட்சம் கோடி சூரியன்களுக்கும் மேல், அதில் மிகப் பெரும்பகுதி அகச்சிவப்பு. மோதலில் வாயு நடுவே குவிந்து, விண்மீன்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கின்றன. அத்தனையும் தூசுத் திரைக்குப் பின்னால் நடக்கிறது.

1989-ல் ஏவப்பட்ட கோபே செயற்கைக்கோளின் அளவீடுகள் இன்னொரு படி மேலே போயின. தனித்தனித் திரள்களை விட்டுவிட்டு, வானம் முழுவதிலிருந்தும் வரும் மெல்லிய அகச்சிவப்புப் பின்னணி ஒளியை அவற்றைக் கொண்டு கணக்கிட்டார்கள். விண்மீன் திரள்கள் இதுவரை வெளியிட்ட ஒளி ஆற்றலில் ஏறத்தாழப் பாதி தூசில் பட்டு அகச்சிவப்பாக மாறியிருக்கிறது என்பது தெளிவானது. கண்ணையும் சாதாரணத் தொலைநோக்கியையும் மட்டும் நம்பி எழுதிய பிரபஞ்ச வரலாற்றில் பாதிப் பக்கங்கள் விட்டுப்போயிருந்தன.

தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. இந்த ஊருக்குத் தேசிமாணிக்கபட்டணம் என்று ஒரு பெயர் இருந்ததை அவைதான் சொல்கின்றன. தேய்ந்த கல்லை வெறுங்கண்ணால் பார்த்தால் பல இடங்களில் கீறல்தான் தெரியும். கல்வெட்டு ஆய்வாளர்கள் ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி மைப்படி எடுத்ததும் எழுத்து எழுந்து நிற்கும். அகச்சிவப்புத் தொலைநோக்கி வானத்துக்குச் செய்வதும் இதுதான். வானம் அதே வானம், எழுத்தும் முன்பே இருந்த எழுத்து. படிக்கும் வழி மட்டும் புதிது.

அந்த எழுத்தில் வேதியியலும் உண்டு. கார்பன் அணுக்கள் அறுகோண வளையங்களாகக் கோத்த ஒரு வகை மூலக்கூறுகள் 3.3, 6.2, 7.7, 8.6, 11.3 மைக்ரான் அலைநீளங்களில் தம் முத்திரையைப் பதிக்கின்றன. டீசல் வண்டியின் புகையிலும், அடுப்பில் கருகிய உணவிலும் இருப்பது இதே குடும்பம்தான். தொம்மலூர் சிக்னலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது நாம் சுவாசிக்கும் கரியின் உறவினர்கள், 1,200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ள ஒரு திரளில் இருப்பதை 2023-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காட்டியது. பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதுகூட ஆகாத காலம் அது. அதற்குள்ளேயே விண்மீன்கள் பிறந்து, கார்பனைச் சமைத்து, இறந்து, அந்தக் கார்பன் சிக்கலான மூலக்கூறுகளாகவும் சேர்ந்துவிட்டது.

ஏன் விண்வெளி, ஏன் அத்தனை குளிர்

காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்பில் பெரும்பகுதியை வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. சில குறுகிய சாளரங்கள் மட்டும் திறந்திருக்கும். அதனால்தான் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன் 2 மீட்டர் தொலைநோக்கியை லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், ஈரம் மிகக் குறைந்த காற்றில் வைத்தது. அதை இயக்குவது பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையிலிருந்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக. ஹன்லேயிலிருந்தும் அண்மை அகச்சிவப்பைத்தான் பார்க்க முடியும். 100 மைக்ரான் ஒளி அந்த மலையுச்சிக்கும் வந்து சேராது.

காற்றைத் தாண்டினாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. அறை வெப்பநிலையில் இருக்கும் ஆடியும் குழாயும் தாங்களே 10 மைக்ரானை ஒட்டி ஒளிர்கின்றன. திரளிலிருந்து வரும் சொற்ப வெப்பம், தொலைநோக்கியின் சொந்த வெப்பத்தில் மூழ்கிப்போகும். ஆகவே தொலைநோக்கியையே குளிரவைக்க வேண்டும். ஐராஸ் திரவ ஹீலியத்தில் குளிர்ந்தது. அந்த ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகித் தீர்ந்ததும் அதன் ஆயுளும் முடிந்தது. 2003-ல் போன ஸ்பிட்சருக்கு 2009 மே மாதம் ஹீலியம் தீர்ந்தது. பூமியை விட்டு விலகிய சுற்றுப்பாதையில் இருந்ததால் அது தானாகவே ஓரளவு குளிர்ந்து, 3.6, 4.5 மைக்ரானில் 2020 ஜனவரி வரை உழைத்தது. 2009-ல் ஏவப்பட்ட ஹெர்ஷல் தொலைநோக்கிக்கு 3.5 மீட்டர் ஆடி. அதுவும் 2013-ல் ஹீலியம் தீர்ந்து ஓய்ந்தது.

2021 டிசம்பர் 25 அன்று கிளம்பிய ஜேம்ஸ் வெப் வேறு வழியை எடுத்தது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியனுக்கு எதிர்ப்புறத்தில் அது நிற்கிறது. டென்னிஸ் மைதானம் அளவுள்ள ஐந்தடுக்குத் திரை சூரிய வெப்பத்தை மறிக்கிறது. அந்த நிழலில் 6.5 மீட்டர் ஆடி 50 கெல்வினுக்கும் கீழே தானாகக் குளிர்கிறது. பெரிலியத்தால் ஆன 18 அறுகோணத் துண்டுகள் சேர்ந்த ஆடி அது. மேலே தங்கப் பூச்சு, ஏனென்றால் தங்கம் அகச்சிவப்பை நன்றாகப் பிரதிபலிக்கும். நீண்ட அலைநீளங்களைப் பார்க்கும் ஒரு கருவிக்கு மட்டும் 7 கெல்வினுக்குக் கீழே குளிர் தேவை. அதை ஹீலியம் வாயுவைச் சுழற்றும் ஒரு குளிர்விப்பு எந்திரம் பார்த்துக்கொள்கிறது. ஹீலியம் வெளியேறுவதில்லை என்பதால் தீர்ந்துபோகும் கவலையும் இல்லை.

நீண்டு வரும் ஒளி

அகச்சிவப்பில் பார்ப்பதற்குத் தூசைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருக்கிறது. பயணத்தின்போது ஒளியின் அலைநீளமும் அதனோடு சேர்ந்து நீள்கிறது. இதைச் செம்பெயர்ச்சி என்கிறோம்; எத்தனை மடங்கு நீண்டதோ அதில் ஒன்றைக் கழித்தால் வருவது அதன் மதிப்பு. எவ்வளவு தொலைவிலிருந்து கிளம்பியதோ அவ்வளவு நீட்சி.

2025-ல் அறிவிக்கப்பட்ட மோம்-இசட்14 என்ற திரளை எடுத்துக்கொள்வோம். பெருவெடிப்புக்குப் பின் 28 கோடி ஆண்டுகளில் இருந்த நிலையில் அதைப் பார்க்கிறோம். அங்கிருந்து வரும் ஒளி 15.44 மடங்கு நீண்டிருக்கிறது. ஹைட்ரஜனின் முக்கியமான புற ஊதாக் கோடு கிளம்பும்போது 0.1216 மைக்ரான். நம்மிடம் வரும்போது 1.88 மைக்ரான். ஹபிள் தொலைநோக்கியின் பார்வை 1.7 மைக்ரானோடு முடிந்துவிடுகிறது. அந்தத் திரளை ஹபிள் எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும் காண முடியாது.

இத்தகைய திரள்களைத் தேடும் முறை எளிது. அக்காலத்தில் எங்கும் பரவியிருந்த நடுநிலை ஹைட்ரஜன், அந்தக் கோட்டைவிடக் குறைந்த அலைநீளம் முழுவதையும் விழுங்கிவிடும். எனவே குறைந்த அலைநீள வடிகட்டிகளில் அந்த இடம் காலியாக இருக்கும், அதிக அலைநீள வடிகட்டியில் திடீரென்று ஒரு புள்ளி தோன்றும். எந்த வடிகட்டியில் தோன்றுகிறது என்பதை வைத்துத் தொலைவை மதிப்பிடலாம்.

ஆனால் தூசு இங்கேயும் ஏமாற்றும். அருகில் இருக்கும் தூசு நிறைந்த திரளும் குறைந்த அலைநீளங்களில் மங்கி, தொலைவில் இருப்பது போல வேடம் போடும். வெப் படங்களில் செம்பெயர்ச்சி 16-க்கும் மேல் இருக்கலாம் என்று பேசப்பட்ட ஒரு திரளின் நிறமாலையை 2023-ல் எடுத்துப் பார்த்தபோது, உண்மையான மதிப்பு 4.9 என்று தெரிந்தது. தூசும் பிரகாசமான வாயுக் கோடுகளும் சேர்ந்து செய்த வேலை அது. படம் சந்தேகத்தைத்தான் எழுப்பும், தீர்ப்பு நிறமாலையின் கையில். இந்தத் துறையில் கேட்கும் பரபரப்புச் செய்திகளை எடைபோட இது ஒன்று தெரிந்தால் போதும்.

ஒரு கொத்துக்குப் பின்னால் இரண்டு கண்டுபிடிப்புகள்

தெற்கு வானில் ஏபல் 2744 என்று ஒரு திரள்கொத்து இருக்கிறது. பண்டோரா கொத்து என்றும் சொல்வார்கள். சுமார் 350 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் அதன் நிறை, பின்னால் இருந்து வரும் ஒளியை வளைத்துப் பெரிதாக்கிக் காட்டும் இயற்கையான வில்லையாக வேலை செய்கிறது. வெப் தொலைநோக்கி அதன் வழியாக நெடுநேரம் பார்த்தது.

அதன் பின்னால் 2023-ல் யு.எச்.இசட்.1 என்ற திரள் பேசுபொருளானது. பெருவெடிப்புக்குப் பின் சுமார் 47 கோடி ஆண்டுகளில் இருந்த திரள் அது. வெப் அதை அகச்சிவப்பில் கண்டது. நம் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா தொலைநோக்கி அதே இடத்தில் எக்ஸ் கதிரைக் கண்டது. அங்கே ஒரு பெருங்கருந்துளை இருக்கிறது என்பதற்குச் சான்று அது. அதன் நிறை, அத்திரளின் விண்மீன்களின் மொத்த நிறைக்கு நிகராக இருக்கலாம். நம் காலத்துத் திரள்களில் கருந்துளையின் நிறை, விண்மீன்களின் நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பிரியம்வதா நடராஜன், மாபெரும் வாயு மேகம் விண்மீனாகாமல் நேரடியாகச் சரிந்து கருந்துளையாகலாம் என்று நெடுங்காலமாக ஆய்ந்துவருபவர். அப்படி நடந்தால் தொடக்கத்தில் கருந்துளை அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரியும் என்று 2017-லேயே அவரது குழு கணித்திருந்தது. யு.எச்.இசட்.1 அந்தக் கணிப்போடு பொருந்தி வந்தது.

2025 நவம்பரில் அதே கொத்தின் பின்னணியிலிருந்து இன்னொரு செய்தி வந்தது, இந்த முறை புனேயிலிருந்து. தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் ராஷி ஜெயின், யோகேஷ் வாடடேகர் இருவரும் வெப் தரவுகளில் அழகான ஒரு சுருள் திரளைக் கண்டு அலக்நந்தா என்று பெயரிட்டார்கள். நடுவே புடைப்பு, இரு பக்கமும் தெளிவான இரண்டு சுருள் கரங்கள், கரங்கள் நெடுகக் கோத்தாற்போல விண்மீன் பிறக்கும் முடிச்சுகள். சுமார் 30,000 ஒளியாண்டு அகலம். நம் பால்வெளியைப் போல 20 முதல் 30 மடங்கு வேகத்தில் அங்கே விண்மீன்கள் பிறக்கின்றன.

வியப்பு அதன் காலத்தில் இருக்கிறது. பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதானபோது இருந்த திரள் அது. அந்த வயதில் திரள்கள் ஒழுங்கற்ற கட்டிகளாக, ஒன்றோடொன்று மோதியபடி இருக்கும். நிதானமாகச் சுழலும் தட்டும் கரங்களும் அமைய இன்னும் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும் என்பதே பரவலான எண்ணம். அலக்நந்தா அந்த எண்ணத்தை நேராகக் கேள்வி கேட்கிறது. இதை அகச்சிவப்பால்தான் சொல்ல முடிந்தது. அங்கே விண்மீன் பிறப்பைக் காட்டும் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு கிளம்பும்போது 0.656 மைக்ரான், இங்கே வந்து சேரும்போது 3.3 மைக்ரான். 21 வரையான வடிகட்டிகளில் எடுத்த படங்கள் இருந்ததால் அதன் தொலைவையும் தூசையும் விண்மீன் நிறையையும் தனித்தனியே பிரித்தறிய முடிந்தது.

அந்தப் படங்கள் பொதுவில் வைக்கப்பட்டவை. தொலைநோக்கி இந்தியாவுடையது இல்லை, படமெடுக்கத் திட்டமிட்டதும் வேறொரு குழு. கூர்ந்து பார்த்த கண்ணும் கேட்ட கேள்வியும் நம்முடையவை.

நம் கையில் இருப்பது

இந்தத் துறையில் இந்தியா வெறுங்கையோடு நிற்கவில்லை. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 100 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை ஹைதராபாத்திலிருந்து பலூனில் கட்டி, காற்றின் 99 சதவீதத்துக்கும் மேலே, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, தரையை எட்டாத தொலை அகச்சிவப்பை 1980-களிலிருந்து அளந்திருக்கிறது. பின்னர் ஜப்பானிய நிறமாலைமானியையும் அதில் பொருத்தி, 158 மைக்ரானில் ஒளிரும் கார்பன் அயனியின் கோட்டைப் பால்வெளியின் மேகங்களில் வரைபடமாக்கினார்கள். இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம் அபு மலையின் குருசிகரத்தில் 1.2 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியை நடத்துகிறது. இன்சாட் வானிலைச் செயற்கைக்கோள்கள் மேகங்களை அகச்சிவப்பில் அன்றாடம் அளக்கின்றன. 2024 ஜனவரியில் சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்றது. வெப் நிற்பதும் அதே தொலைவில், எதிர்த் திசையில். ஆதித்யாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய கருவி, சூரியனின் வெளி வளிமண்டலத்தை 1.07 மைக்ரான் அகச்சிவப்புக் கோட்டிலும் ஆராய வடிவமைக்கப்பட்டது.

பலூனில் பழகிய கை இருக்கிறது. அத்தனை தூரம் செலுத்தும் திறமை இருக்கிறது. செயற்கைக்கோளைக் கட்டும் கூடம் தொம்மலூருக்குக் கிழக்கே இருக்கிறது. மங்கிய வெப்பத்தை உணரும் தரமான உணரிகளும், ஆண்டுக்கணக்கில் பழுதில்லாமல் ஓடும் குளிர்விப்பு எந்திரமும், இவற்றுக்குப் பத்து ஆண்டு பொறுமையாகப் பணம் ஒதுக்கும் முடிவும்தான் இன்னும் வேண்டும். வெப் போல ஒன்றை நாம் கட்ட வேண்டியதில்லை. வைஸ் என்ற தொலைநோக்கி 40 சென்டிமீட்டர் ஆடியோடு 2009-ல் போய் வான் முழுவதையும் படமெடுத்தது. 2025 மார்ச்சில் போன ஸ்பியர்எக்ஸ் என்ற சிறிய தொலைநோக்கி வானம் முழுவதையும் 102 அகச்சிவப்பு நிறங்களில் அளக்கிறது. சரியான கேள்வி ஒன்றைத் தேர்ந்தெடுத்த சிறிய ஆடி, உலகம் முழுவதும் பயன்படுத்தும் பட்டியலைத் தரும்.

செயற்கைக்கோள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஐராஸ், ஸ்பிட்சர், ஹெர்ஷல், வைஸ் தரவுகள் முழுவதும் இணையக் காப்பகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. வெப் தரவுகளும், கேட்டுப் பெற்ற குழுவுக்கான காலக்கெடு முடிந்ததும், எல்லோருக்கும் திறந்துவிடப்படுகின்றன. அவற்றைப் படிக்கும் பைத்தான் நிரல்களும் இலவசம். பகலில் தொம்மலூர் அலுவலகத்தில் நிரல் எழுதும் இளைஞரும், திருநெல்வேலியில் இயற்பியல் படிக்கும் மாணவியும் புனேக்காரர்கள் திறந்த அதே கோப்புகளை இன்றிரவே திறக்கலாம். வீட்டில் இயற்பியல் படிக்கும் பிள்ளை இருந்தால் இதைச் சொல்லுங்கள். வெப் எடுத்த படம் ஒன்றை இறக்கி, ஒரே திரள் ஒவ்வொரு வடிகட்டியிலும் எப்படி மாறுகிறது என்று அவர்களே பார்க்கட்டும்.